சங்கிலி எட்டாத ஆழம்

ஆசிரியப் பயிற்சிக்காக நான் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது, நல்ல விஞ்ஞான ஆசிரியருக்கு இருக்க வேண்டிய குணங்கள் என்று ஒரு பாடம் இருந்தது. கணீரென்ற குரல், கரும்பலகையில் கோணாத எழுத்து, வகுப்பை அடக்கும் பார்வை, கருவிகளைத் துடைத்து வைக்கும் ஒழுங்கு என்று வரிசையாகச் சொல்லிப் போட்டார்கள். நானும் நெட்டுருப் போட்டு எழுதி நல்ல மார்க்கு வாங்கினேன். எழுதும்போதே, எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விஞ்ஞான வாத்தியாரிடம் இவற்றில் பாதிகூடக் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. அவர் குரல் கரகரக்கும். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். வகுப்பை அடக்குவது என்பது அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அந்த மனிதரை எங்கள் அப்பாதான் ஊரைவிட்டு அனுப்பினார்.

யுத்தம் வருவதற்கு முந்தைய வருடங்கள் அவை. எங்கள் ஊர் ராசிபுரத்துக்குத் தெற்கே, கொல்லிமலை நீலமாகத் தெரியும் தூரத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். படிக்காத குறையைத் தீர்த்துக்கொள்ளவோ, அல்லது பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்ததற்குப் போட்டியாகவோ, தன் செலவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டி அதற்குத் தானே மானேஜராகவும் ஆகிவிட்டார். மானேஜர் மகளே படிக்காவிட்டால் ஊரார் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? அதனால் என்னையும் உட்கார வைத்தார்கள். மேல் வகுப்பில் பாவாடை கட்டிய பிள்ளை நான் ஒருத்திதான்.

சயன்ஸ் வாத்தியார் வடக்கே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். தனி ஆள். வரும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய உடைந்த சிம்னிக் கண்ணாடி, புட்டி, காந்தத் துண்டு என்று கொண்டுவந்தார். வந்த புதிதில் ஊர் அவரைப் பழைய இரும்பு வியாபாரி என்றுதான் நினைத்தது. அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. தெரியாததைக் கேட்டால், "தெரியாது, பார்க்கலாம்" என்பார். மற்ற வாத்தியார்கள் தெரியாததைக் கேட்டால் பிரம்பை எடுப்பார்கள். அதுதான் முறை என்று நாங்களும் இருந்தோம். இவர் தெரியாது என்று சொன்னதோடு விடாமல், கேட்டவனையே எழுப்பி, வா என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஊரில் ஒரு பெரியவர் இதை அப்பாவிடம் முறையிட்டே விட்டார். "படிச்சவருன்னு கூட்டியாந்தீங்க. எதக் கேட்டாலும் தெரியாதுங்கறாருங்க. தெரியாதத எங்க பசங்க ஊட்டுல இருந்தே படிச்சுக்குவானுங்களே!" அப்பா சிரிக்கவில்லை. சம்பளம் கொடுப்பவர் சிரிக்க முடியாது.

வாத்தியாருக்கு ஊரில் கிடைத்த ஒரே நண்பர் என் சித்தப்பா. ஒருநாள் வாத்தியார் வகுப்போடு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். சித்தப்பா மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் கிணற்றடியிலிருந்து பள்ளத்தை நோக்கி இறங்கி நடந்தால் தோல்பறியில் தண்ணீர் மேலே வரும். மாடு ஏன் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடக்கிறது, சமதரையில் நடந்தால் ஆகாதா என்று வாத்தியார் எங்களைக் கேட்டார். "மாட்டுக்கே தெரியுமுங்க, வாத்தியாருக்குத் தெரியலீங்களா?" என்றார் சித்தப்பா. வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஒரு பெரிய குடத்தைக் கயிற்றில் கட்டி, சமதரையில் ஒருமுறையும் சரிவில் ஒருமுறையும் தானே இழுத்துப் பார்த்தார். அப்புறம் எங்களை ஒவ்வொருவராக இழுக்கச் சொன்னார். இறங்கும்போது நம் உடம்பின் கனமும் சேர்ந்து இழுக்கிறது என்று யாரும் சொல்லித் தராமலே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து சித்தப்பா வேலை ஓய்ந்த நேரத்தில் வகுப்பின் ஜன்னலில் சாய்ந்துகொண்டு பாடம் கேட்க ஆரம்பித்தார். அவருக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி சங்ககிரிப் பக்கத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். புது மாப்பிள்ளை பள்ளிக்கூட ஜன்னலில் தொங்குகிறார் என்று ஊர் கேலி பேசியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் காற்றைப் பற்றிப் பாடம் நடந்தது. வாத்தியார் ஒரு செம்பில் ஆப்பசோடாவைப் போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். அது சீறிப் பொங்கி அடங்கியது. மேசைமேல் ஒரு டம்ளரின் அடியில் மெழுகுவர்த்தித் துண்டு எரிந்துகொண்டிருந்தது. செம்பை அந்த டம்ளரின்மேல் மெதுவாகச் சாய்த்தார். செம்பிலிருந்து கண்ணுக்கு எதுவுமே விழவில்லை. ஆனால் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. ஜன்னலிலிருந்து சித்தப்பா "அட!" என்று சத்தமாகவே சொன்னார்.

"இந்தக் காத்து கனமானது. தண்ணி மாதிரி ஊத்தலாம். அப்போ இது எங்கே தங்கும்?" என்று கேட்டார் வாத்தியார்.

"அடியில தங்குங்க சார்" என்று எல்லோரும் கத்தினோம்.

எனக்கு அப்போது எங்கள் வீட்டுக் குழி நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கி அதைச் சொன்னேன்.

குழி என்றால் தானியக் குழி. மேட்டு நிலத்தில் கெட்டி மண்ணைக் குடைந்து, வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் வெட்டி, உள்ளே வைக்கோல் போர்த்தி ராகியைக் கொட்டிக் கல்லால் மூடிவிடுவார்கள். வருஷக்கணக்கில் கெடாது. திறக்கும்போதுதான் கவனம் வேண்டும். கல்லைப் புரட்டி ஓர் இரவு திறந்துபோட்டுக் காவல் இருப்பார்கள். மறுநாள் காலையில் குடும்பத்து மருமகள் தூக்குவிளக்கை ஏற்றித் தருவாள். அதை அதன் சங்கிலியைப் பிடித்துக் குழிக்குள் விடுவார்கள். விளக்கு அணைந்துவிட்டால், குழியாத்தா இன்னும் தூங்குகிறாள் என்று சொல்லிக் காத்திருப்பார்கள். எரிந்தால், ஆத்தா விழித்து வழிவிட்டாள் என்று ஆள் இறங்குவான். அந்தப் பித்தளைத் தூக்குவிளக்கும் சங்கிலியும் எத்தனை தலைமுறை பழையது என்று யாருக்கும் தெரியாது.

வாத்தியாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சாக்குக் கட்டியைக் கீழே போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "மூடின தானியக் குழியிலே தங்கறதும் இந்தக் காத்துதான். உங்க முன்னோர் பண்ணினது பூஜை இல்லேம்மா, பரிசோதனை. விளக்கு எரிஞ்சா மனுஷன் இறங்கலாம், அணைஞ்சா இறங்கக் கூடாது. இதைவிடப் பெரிய சயன்ஸ் சீமையிலே கூடக் கிடையாது" என்றார். சயன்ஸ் வகுப்பில் அப்படி ஒரு புகழ்ச்சி அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. நான் பாவாடை தடுக்க வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். சித்தியிடம் இரண்டு முறை சொன்னேன். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். தன் முப்பாட்டன் சயன்ஸ்காரன் என்பது அவருக்கு ராவ்பகதூர் பட்டம் வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் மழை சரியில்லை. வழக்கமாக ஒரு குழியைத் திறந்தால் ஒரே மூச்சில் காலி செய்துவிடுவார்கள். அந்த ஆடியில் மட்டும், மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பாதி ராகியை எடுத்துவிட்டு மறுபடியும் கல்லைப் போட்டு மூடியிருந்தார் அப்பா. ஐப்பசியில் வீட்டுக் குதிரில் தானியம் தீர்ந்துவிட்டது. பண்ணையத்து ஆட்களுக்குக் கூலி அளக்கத் தானியம் வேண்டும். குழியைத் திறப்பது என்று முடிவானது. காலையில் கல்லைப் புரட்டியாயிற்று. வெயில் ஏறும் நேரத்தில், வருஷம் முழுக்க வராத மேகம் கொல்லிமலைமேல் கறுத்துத் திரண்டு வந்தது. திறந்த குழியில் மழை இறங்கினால் ராகி முழுவதும் முளைத்து நாறிவிடும்.

மறுபடி மூடிவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் அப்பா. சித்தப்பா கேட்கவில்லை. "ராத்திரியெல்லாம் எதுக்குங்கண்ணா காத்துக் கெடக்கோணும்? வெளக்கு எரிஞ்சாப் போதும்னு வாத்தியாரே சொல்லிப்போட்டாருங்களே. உட்டுப் பாப்போம். எரிஞ்சா எறங்கறேன், இல்லீன்னா மூடிப்போடலாம்." அப்பா என்னைப் பார்த்தார். நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

சித்தி விளக்கை ஏற்றித் தந்தாள். சித்தப்பா சங்கிலியின் முனையைப் பிடித்துக் குழிக்குள் விட்டார். சங்கிலி முழுவதும் இறங்கிற்று. குழியின் வாய் வழியே எட்டிப் பார்த்தேன். விளக்கு, கோயில் மூலஸ்தானத்தில் எரிவது போல ஆடாமல் நன்றாக எரிந்தது. சித்தப்பா சித்தியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஏணியைப் போட்டு, கூடையோடு இறங்கினார்.

முதல் கூடைக்குக் கயிறு இழுபடும் என்று எல்லோரும் காத்திருந்தோம். இழுபடவில்லை. அப்பா தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பண்ணையத்து ஆள் ஒருவன் ஏணியில் பாதி இறங்கி, கண் சொருகி, மூச்சுத் திணறி மேலே வந்து விழுந்தான். அப்புறம் கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்து, அதைத் துணியில் மாட்டித்தான் சித்தப்பாவை மேலே எடுத்தார்கள். உடம்பில் ஒரு காயமும் இல்லை. மீசையில் ராகி ஒட்டியிருந்தது. தூங்குகிறவர் மேல் இவ்வளவு பேர் விழுந்து ஏன் அழுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. மேகம் ஒரு சொட்டுக்கூடப் பெய்யாமல் கலைந்து போயிற்று.

சாவு வீட்டில் அழுகை அடங்கியதும் கேள்வி தொடங்கியது. விளக்கு எரிந்ததை ஊரே பார்த்தது. அது ஒருபோதும் பொய் சொன்னதில்லை. அப்படியானால் இந்த முறை மட்டும் ஏன் பொய் சொன்னது? ஏற்றிய கையைப் பார் என்றார்கள். இவள் வந்த வருஷம் மழை போயிற்று, இப்போது இவள் ஏற்றிய விளக்கு புருஷனையே குழிக்குள் கூப்பிட்டுக்கொண்டது. முதலில் பின்கட்டில் முணுமுணுத்தார்கள், பிறகு வாசலில் உரக்கவே பேசினார்கள். சித்தி வெள்ளைச் சீலையில் மூலையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

காரியம் முடிந்த அன்று பங்காளிகள் கூடிப் பேசினார்கள். மறுநாள் சித்தியை வண்டியேற்றிப் பிறந்த வீட்டில் விட்டுவிடுவது என்று பேச்சு. அங்கேயும் அவளுக்கு நல்ல சோறு கிடைக்காது. புருஷனை விழுங்கினவள் என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே போய் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும். தம்பி போன நாளிலிருந்து அப்பா யாரிடமும் பேசியிருக்கவில்லை.

அப்போதுதான் வாத்தியார் வந்தார். சவரம் செய்யாத முகம். அவ்வளவு நாளும் துக்கம் கேட்கக்கூட வராதவர் இப்போது வந்து, வந்ததும் வராததுமாக, அந்தத் தூக்குவிளக்கு வேண்டும் என்று கேட்டார். பங்காளிகள் கொதித்து எழுந்தார்கள். அப்பா, "எடுத்துக் குடுங்க" என்றார்.

ஊரே குழிமேட்டுக்குப் போயிற்று. சித்தப்பாவை எடுத்த அன்றே கல்லைப் போட்டு மூடியிருந்தார்கள். வாத்தியார் அதைப் புரட்டச் சொன்னார். அன்றைக்கு எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தீர்களோ அதே அளவு இன்றைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார். வெயிலில் எல்லோரும் நின்றோம். பிறகு விளக்கை யாராவது ஒரு சுமங்கலி ஏற்றட்டும் என்றார். அம்மா ஏற்றினாள். வாத்தியார் தான் தொடவில்லை, அப்பாவையே விடச் சொன்னார். சங்கிலி முழுக்க இறங்கியது. விளக்கு அன்றுபோலவே ஆடாமல் எரிந்தது.

"பாத்தீங்களா? எரியுதல்ல?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "காத்தாவது மண்ணாவது! எல்லாம் அவ ராசி!"

வாத்தியார் கிணற்றிலிருந்து ஒரு தாம்புக் கயிற்றைக் கொண்டுவரச் செய்து சங்கிலியின் முனையில் முடிந்தார். இப்போது இன்னும் இறக்குங்கள் என்றார் அப்பாவிடம். கயிறு கை மாறி மாறி இறங்கியது. ஓர் ஆள் மட்டம் இறங்கியிருக்கும். உள்ளே வெளிச்சம் சிறுத்தது, நீலமாயிற்று, இல்லாமல் போயிற்று. மேலே எடுத்தார்கள். இந்த முறை அப்பா தானே ஏற்றி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது. மறுபடியும் ஏற்றி இறக்கினார். மறுபடியும் அணைந்தது. அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டே குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

சங்கிலி, குழி நிறைந்திருக்கும்போது ராகியைத் தொடுகிற அளவுக்குச் செய்தது. என் முப்பாட்டன் செய்ததில் பிழை இல்லை. நிறைந்த குழியைத்தான் அவர்கள் எப்போதும் திறந்தார்கள். பாதிக் குழியில் சங்கிலி பாதியிலேயே நின்றுவிட்டது. விளக்கு மேல்காற்றில் எரிய, சித்தப்பா அடிக்காற்றுக்குள் இறங்கினார். வாத்தியார் இதைக் கரகரத்த குரலில் எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். யார் ஏற்றினாலும் மேலே எரியும், யார் ஏற்றினாலும் கீழே அணையும் என்றார்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். சித்தி தப்பிவிட்டாள், சங்கிலியின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். செத்துப்போன முப்பாட்டனோடு யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். ஆனால் அவர் அப்பாவுக்கு எதிரே நின்று கைகூப்பினார்.

"கனமான காத்து அடியிலே தங்கும்னு பாடம் நடத்தினதே நான்தான். விளக்கு எரிஞ்சாப் போதும்னு சொன்னதும் நான்தான். எங்கே எரியணும்னு சொல்லலை. சங்கிலி எவ்வளவு நீளம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கலை. கேள்விப்பட்ட சந்தோஷத்திலே புகழ்ந்துட்டேன். பிழை என்னோடது. அந்தப் பொண்ணு மேலே போடாதீங்க."

அவர் வகுப்பில் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்பதை அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழியைப் பற்றிச் சொன்னதே நான்தான், என்னை மறந்துவிட்டாரே என்று எனக்கு அந்தத் துக்கத்திலும் மூக்கு நுனியில் கோபம் வந்தது. அவ்வளவுதான் எனக்கு அப்போது இருந்த புத்தி.

பங்காளிகளில் இருவர் தடியோடு முன்னால் வந்தார்கள். அப்பா எழுந்து குறுக்கே நின்றார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "வாத்தியாரே, நாளைக்கு நீங்க ஊர உட்டுப் போயிரோணும். உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க." வாத்தியார், சரிங்க என்றார். யாரும் சித்தியை அனுப்புவது பற்றி அதற்குமேல் பேசவில்லை.

மறுநாள் காலை அவர் வகுப்புக்கு வந்தார். வேலை போன மனிதர் எதற்கு வருகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. என்னை வேண்டாம் என்று அம்மா தடுத்தாள், அப்பா, போகட்டும் என்றார். வாத்தியார் கரும்பலகையில் ஒரு குழி வரைந்தார். அதில் பாதிவரை ராகிக்குப் புள்ளி வைத்தார். மேலே ஒரு சங்கிலியும் விளக்கும் வரைந்தார். "அன்னிக்கு நான் உங்களை என்ன கேட்டிருக்கணும்?" என்று எங்களிடம் கேட்டார். கடைசி வரிசையில், எப்போதும் பிரம்படி வாங்கும் பையன் ஒருவன் எழுந்து, "சங்கிலி எவ்வளவு நீளமுங்க சார்?" என்றான்.

"அதுதான்" என்றார் வாத்தியார். "எவ்வளவு பெரிய மனுஷன் சொன்னாலும் நீ இதைக் கேக்கணும். நான் சொன்னாலும் கேக்கணும்." பிறகு பலகையைத் துடைத்து, சாக்குக் கட்டியைப் பெட்டியில் வைத்து, கையைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். ராசிபுரம்வரை அவரைக் கொண்டுபோய்ச் சேலம் பஸ்ஸில் ஏற்ற அப்பா எங்கள் சொந்த வண்டியையே கட்டச் சொன்னார், கூடவே கம்பெடுக்கத் தெரிந்த ஆள் ஒருவனையும் அனுப்பினார். அவர் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆளை அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாத்தியார் என்றால் எல்லாம் தெரிந்தவர். தப்பே செய்தாலும் அதைச் சொல்லாமல் இருக்கத் தெரிந்தவர். இவருக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அடுத்து வந்தவர் கணீரென்ற குரலும் முத்துப்போன்ற எழுத்தும் உள்ளவர். அவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வந்ததே இல்லை. ஊருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவரிடம் நாங்கள் என்ன படித்தோம் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை.

மறு வருஷமும் விளைச்சல் சுமார்தான். ராகி பாதிக் குழிக்குத்தான் இருந்தது. அந்தக் குழியையே தூர்த்துவிடலாம் என்று பலர் சொல்லியும் அப்பா அதில்தான் கொட்டி மூடினார். திறக்கும் நாள் வந்தது. கல்லைப் புரட்டி ஓர் இரவு விட்டார்கள். காலையில் அப்பா தூக்குவிளக்கை எடுத்துவந்தபோதுதான் கவனித்தேன். சங்கிலி இரண்டு மடங்கு நீண்டிருந்தது. பழைய கண்ணிகள் கறுத்தும், ராசிபுரத்தில் கொடுத்துச் சேர்த்த புதுக் கண்ணிகள் மஞ்சளாகவும் இருந்தன. வாத்தியார் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அப்பாவும் எடுக்கவில்லை.

அம்மா தீப்பெட்டியோடு முன்னால் வந்தாள். வீட்டில் இருந்த ஒரே சுமங்கலி அவள்தான். அப்பா அவளைப் பார்க்காமல் என்னிடம் திரும்பினார். தம்பி மனைவியோடு அவர் நேரே பேசும் வழக்கம் இல்லை.

"அம்மிணி, உங்க சித்தியக் கூப்புடு. வெளக்கு ஏத்தோணும்."

பங்காளிகளில் மூத்தவர் "என்னப்பா இது, நல்ல காரியத்துக்கு..." என்று தொடங்கினார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் ஓடிப்போய், மாட்டுக்கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்த சித்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் வரமாட்டேன் என்று வழியெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். குழிமேட்டில் அம்மா அவள் கையைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். சித்தி உரசியதில் இரண்டு குச்சிகள் வீணாயின. மூன்றாவது பற்றியது.

அப்பா சங்கிலியை விட்டார். கறுத்த கண்ணிகள் முடிந்து மஞ்சள் கண்ணிகள் அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. சங்கிலி தளர்ந்தது, விளக்கு ராகியைத் தொட்டுவிட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அடியில், அவ்வளவு ஆழத்தில், சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் எரிந்தது. அப்பா "எறங்குங்க" என்றார், ஆட்கள் இறங்கினார்கள், கூடைகள் மேலே வந்தன.

அன்று காலையில் அம்மாவின் விரலை அரிவாள்மனை கொஞ்சம் கீறியிருந்தது, துணி சுற்றியிருந்தாள். அதனால்தான் சித்தியைக் கூப்பிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். விளக்கு நல்லபடியாக எரிந்து, ஆட்களும் நல்லபடியாக ஏறி வந்த பிறகு, சித்தி ஏன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படி அழுதாள் என்பதுதான் எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.